விளம்பரத்தில் போன் நம்பர் தப்பானால்... நஷ்டஈடு கேட்க முடியுமா?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் பக்கம் நாற்றுப்பண்ணை, நாட்டுக்கோழி, செக்கு எண்ணெய் என்று சிறுதொழில் நடத்தும் குடும்பங்களுக்கு, பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுப்பதே பெரிய செலவு. ஆடிப்பட்டத்தை நம்பிக் கொடுத்த விளம்பரத்தில் போன் நம்பரில் ஒரு இலக்கம் மாறிவிட்டால் என்ன ஆகும்? குழித்தட்டில் வளர்த்த கத்தரி, மிளகாய் நாற்று, வாங்க ஆள் வராமல் முற்றிப் போகும். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டால், ரசீதின் பின்புறம் அச்சடித்திருக்கும் ‘அச்சுப்பிழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற வரியைக் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர வேண்டியதில்லை.

எவ்வளவு கேட்கலாம்?

பணம் வாங்கிக்கொண்டு விளம்பரம் போடுவது ஓர் ஒப்பந்தம். அதை மீறினால் நஷ்டஈடு தர வேண்டும் என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு. அந்தச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. மில் நின்று கிடக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி ஒருவர் இயந்திரத்தை லாரிக்காரர் போன்ற சுமைகூலிக்காரரிடம் அனுப்புகிறார். அது தாமதமாக வந்து சேர்கிறது. மில் ஓடாத நாட்களின் சராசரி லாபம் அவருக்குக் கிடைக்கும். ஆனால் அதனால் கைநழுவிய அரசாங்க ஒப்பந்தத்தின் லாபம் கிடைக்காது.

இதில் நாம் கற்க வேண்டியது ஒன்றுதான். ‘இந்தத் தேதிக்குள் 5,000 நாற்று விற்க வேண்டும், அதற்காகவே இந்த விளம்பரம்’ என்று விளம்பரம் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருந்தால் விற்பனை நஷ்டத்தைக் கேட்க வலு உண்டு. வாய்ச்சொல்லாக விட்டிருந்தால், பெரும்பாலும் விளம்பரக் கட்டணத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

பிழை தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் கூடாது. நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கோர்ட் பார்க்கும்.

எங்கே போகலாம்?

நுகர்வோர் ஆணையம்: தாம்பரத்தில் இருப்பவர்கள் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. வியாபாரத்துக்காகப் பெற்ற சேவை என்றால் ‘நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிடும். பிழைப்புக்காகத் தானே ஆட்டோ ஓட்டுபவர், அந்த ஆட்டோவை வாங்கிய வகையில் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. எனினும் 2019-ம் வருடச் சட்டத்தில் சுயதொழில் விலக்கு ‘பொருள்’ வாங்குவதற்கு மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. விளம்பரம் ஒரு ‘சேவை’. அதனால் இந்த வழியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ‘பொறுப்பல்ல’ போன்ற ஒருதலைப்பட்ச நிபந்தனையையே எதிர்ப்பதானால், சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆலோசனைக்கு 1915.

சிவில் கோர்ட்: நுகர்வோரா இல்லையா என்ற கேள்வியே இங்கு எழாது. 3 வருடத்துக்குள் வழக்கு போடலாம். கோர்ட் கட்டணம் உண்டு, காலமும் ஆகும்.

மக்கள் நீதிமன்றம்: சிறு தொகைக்கு இதுவே நல்லது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உதவி உண்டு. தொடர்புக்கு 15100.

பத்திரிகைக் கவுன்சில்: பத்திரிகையைக் கண்டிக்கும் அதிகாரம் இதற்கு உண்டு. நஷ்டஈடு வாங்கித் தர முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

* நீங்கள் எழுதிக் கொடுத்த விளம்பர வாசகத்தின் நகல்
* பணம் கட்டிய ரசீது
* பிழையோடு வந்த முழுப் பத்திரிகை, தேதி தெரியும்படி
* போன வருடம் இதே பருவத்தில் விற்ற கணக்கு, இந்த வருடக் கணக்கு
* பிழை தெரிந்த அன்றே அனுப்பிய கடிதம், ஸ்பீடு போஸ்ட் ரசீது

கடிதத்தில் மூன்றைக் கேளுங்கள்: திருத்தம், இலவசமாக மறுபடி விளம்பரம், நஷ்டத்தொகை. பதில் சொல்ல 15 நாள் கொடுங்கள். பல விவகாரங்கள் இந்தக் கடிதத்தோடு பேசித் தீர வாய்ப்பு உண்டு.

ஒரு எச்சரிக்கை: அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கத் தரும் புரூஃபில் பிழையோடு கையெழுத்துப் போட்டுவிட்டால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். கையெழுத்துப் போடும் முன் அதிலுள்ள நம்பருக்கு ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள்.