ஊசிமுனை கேட்கும் கேள்வி: கழுத்துத் தண்டுவடத்தின் வரைபடம்

கழுத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரின் தோலை மருத்துவர் ஊசிமுனையால் மெல்லத் தொட்டு, "இங்கே உறுத்துகிறதா? இங்கே?" என்று கேட்டுக்கொண்டே செல்வார். முழங்கையை மடக்கச் சொல்வார். மணிக்கட்டை உயர்த்தச் சொல்வார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகும் இச்சோதனை எதற்கு என உடனிருப்போர் எண்ணுவது இயல்பே. பாதிப்பு எங்கே உள்ளது என்பதை ஸ்கேன் காட்டும். எந்த நரம்பு இன்னும் வேலை செய்கிறது என்பதை நோயாளியின் பதில்தான் காட்டும்.

கழுத்தில் முள்ளெலும்புகள் 7. அவற்றினூடே இறங்கும் தண்டுவடத்திலிருந்து பிரியும் நரம்புகளோ 8 இணைகள். மருத்துவக் குறிப்பில் சி1 முதல் சி8 வரை எழுதப்படுபவை இவையே. ஒவ்வொன்றுக்கும் உரிய பணி உண்டு. சி3, சி4, சி5 ஆகியவை மூச்சை இயக்கும் உதரவிதானத்திற்குரியவை. முழங்கையை மடக்குவது சி5. மணிக்கட்டை உயர்த்துவது சி6. முழங்கையை நீட்டுவது சி7. விரல்களை மடக்குவது சி8. தோலுணர்விலும் இத்தகைய பங்கீடு உண்டு: கட்டைவிரல் சி6, நடுவிரல் சி7, சுண்டுவிரல் சி8.

இவ்வரைபடம் உருவாக உதவியவர்களும் நோயாளிகளே. அக்கி கண்டவர்களின் உடலில் கொப்புளங்கள் பரவிய பட்டைகளைக் கூர்ந்து நோக்கி, 1900-இல் ஹென்றி ஹெட், கேம்பல் என்னும் இருவர் நரம்புகளின் தோலெல்லைகளை வரைந்தனர். தீரா வலிக்காக நரம்பு வேர்கள் துண்டிக்கப்பட்டவர்களுக்கு எவ்விடத்தில் உணர்வு எஞ்சியது என்பதை ஆராய்ந்து, ஜெர்மானிய மருத்துவர் ஓட்ஃபிரிட் ஃபர்ஸ்டர் 1933-இல் அதனை விரிவாக்கினார்.

ஒரு படி வேறுபாடும் வாழ்வில் பெரிது. சி6 வரை செயல்பட்டால், மணிக்கட்டை உயர்த்தும்போது விரல்கள் தாமாகவே உள்மடங்கும். அப்பிடியைக் கொண்டு எளிய பொருள்களை எடுக்கப் பழகலாம். ஆகவே, அவருடைய மணிக்கட்டைப் பின்னுக்கு வளைத்தபடியே விரல்களையும் நிமிர்த்தி நீட்டிவிடுதல் கூடாது. எவ்வாறு பயிற்சி அளிப்பது என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். சி7-உம் செயல்பட்டால், கைகளை ஊன்றி உடலை உயர்த்திச் சக்கர நாற்காலிக்கு மாறுவது எளிதாகும்.

அறிக்கையைப் படிக்கையில் ஒன்றை நினைவிற்கொள்க. "நரம்பியல் நிலை சி5" என்றால் சி5 அழிந்தது என்பது பொருளன்று. உணர்வும் வலிமையும் இருபுறமும் அதுவரை சீராக உள்ளன என்பதே பொருள். முறிந்த எலும்பின் எண்ணும் இந்த எண்ணும் வேறுபட்டிருப்பின், அது பிழையென அஞ்ச வேண்டியதில்லை.

சோதனையின்போது நோயாளியே பதிலளிக்கட்டும். அன்பின் மிகுதியால் அருகிலிருப்போர் எடுத்துக்கொடுக்க வேண்டாம். உணரவில்லை எனில் "இல்லை" என்பதே சரியான விடை. மூச்சுவிடுவதில் சிரமமோ, புதிதாக மரத்துப்போதலோ, வலிமைக் குறைவோ தோன்றினால், அடுத்த சோதனை வரை காத்திராமல் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.