'ஆர்' என்றால் என்ன?

செங்கல்பட்டில் அக்கா வீடு. அக்கா பையனுக்கு நாலு வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கூட்டிப் போனேன். அலையில் ஆடிவிட்டு வந்தவனுக்கு ராத்திரியே ஜலதோஷம், காய்ச்சல். 'இதுக்குப் போய் டாக்டரா?' என்று நேராக மெடிக்கல் ஷாப். சீட்டு கேட்காமலே ஆன்ட்டிபயாடிக் சிரப் கிடைத்தது. ரெண்டு நாளில் சரியானதும் மிச்சத்தை ஃப்ரிஜ்ஜில் வைத்தோம். அடுத்த ஜலதோஷத்துக்கும் அதே பாட்டில்! காசு மிச்சம் என்று எனக்குப் பெருமை வேறு. (ஜலதோஷம் வைரஸ் சமாசாரம், ஆன்ட்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?)

ரெண்டு மாசம் கழித்து நிஜமாகவே பெரிய காய்ச்சல். சிறுநீரில் கிருமி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூணு நாள் ஊசி போட்டும் அனல் இறங்கவில்லை. அக்கா பேசுவதையே நிறுத்திவிட்டாள். அப்புறம் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்'.

"பரவாயில்லையே டாக்டர், இத்தனை மருந்தை ரெகமெண்ட் பண்ணியிருக்காங்க!"

டாக்டர் சிரிக்கவில்லை. "ஆர்னா ரெசிஸ்டன்ட் சார். இந்த மருந்தெல்லாம் இந்தக் கிருமிகிட்ட பலிக்காது."

"நான் வாங்கின சிரப்பாலயா?"

"அதாலதான்னு சொல்ல முடியாது. ஆனா வேண்டாத நேரத்துல குடுத்தா சாது கிருமிங்க செத்துடும், முரடு மட்டும் பிழைச்சுப் பெருகும். கை கழுவாம தொட்டா அடுத்த பெட் குழந்தைக்கும் போகும்."

இது நம்ம ஊர்க்கதைதான். 2010-ல் 'லான்செட்' குழும இதழில் என்.டி.எம்.-1 பற்றி வந்த கட்டுரை உலகத்தையே உலுக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்தக் கிருமி! 2012-ல் டாக்டர்கள் கூடி 'சென்னை பிரகடனம்' போட்டார்கள். 2014 மார்ச்சிலிருந்து 'ஹெச்1' பட்டியல் மருந்துகளை விற்றால் கடைக்காரர் நோட்டில் பெயர் எழுத வேண்டும். கடைசி ஆயுதமான கொலிஸ்டினைக் கோழிக்கும் இறால் பண்ணைக்கும் தரக்கூடாது என்று 2019-ல்தான் தடை வந்தது. அதுவரை நாம் வெளுத்துக்கட்டிய சில்லி சிக்கனை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

'எஸ்' போட்டிருந்த ஒரே ஒரு ஊசி பையனைக் காப்பாற்றியது. பத்து நாள்.

போன வாரம் அதே மெடிக்கல் ஷாப். "அண்ணே, தொண்டை வலி. அந்த மாத்திரை மூணு குடுங்க" என்றார் ஒருத்தர். நான் பிரசங்கம் ஆரம்பித்தேன்.

கடைக்காரர் மாத்திரையைக் கத்தரித்துக்கொண்டே, "நீங்க வாங்கினப்ப நான் ஏதாவது கேட்டேனா சார்?" என்றார்.