இதயத்தின் கதை – 17: பிடி நழுவும்போது

1994 ஜனவரி 17, விடியற்காலை 4.31. லாஸ் ஏஞ்சலிஸ் தூங்கிக்கொண்டிருந்தபோது, நார்த்ரிட்ஜ் பகுதியை மையமாகக் கொண்டு நிலம் குலுங்கியது. கட்டடங்கள் சரிந்து இறந்தவர்கள் ஒருபுறம். இதய நோயால் திடீரென இறந்தவர்களின் கணக்கை, அங்குள்ள மரண விசாரணை அலுவலகப் பதிவேடுகளிலிருந்து மருத்துவர்கள் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். முந்தைய வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 4.6 பேர். நிலநடுக்கத்தன்று 24 பேர்! அவர்களில் 16 பேருக்கு, முதல் அதிர்வு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாவோ அதற்கான அறிகுறியோ வந்துவிட்டது. வழக்கத்துக்கு மீறி உடம்பை வருத்திக்கொண்டபோது இறந்தவர்கள் மூன்றே பேர்.

பயத்தில் உயிர் போகும் என்று நம் பாட்டிகள் சொன்னதை எண்களில் காட்டிய ஆய்வு அது. பயம் வந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. நரம்பு முனைகளிலிருந்து நாரட்ரினலின் சுரக்கிறது. நாடி எகிறுகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தயாராகின்றன. காயம் பட்டால் ரத்தம் சட்டென்று உறைய வேண்டும் என்பதற்காக உடம்பு செய்யும் ஏற்பாடு இது. போன வாரம் பார்த்தோமே, தமனிச் சுவரில் படியும் கொழுப்புத் திட்டு, அது ஏற்கெனவே இருப்பவருக்கு இதே ஏற்பாடு எமனாகிறது. திட்டு வெடிக்கலாம், அதன்மேல் ரத்தம் உறையலாம், இதயத்துடிப்பின் தாளமே குலையலாம்.

அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அடுத்து வந்த ஆறு நாள்களின் கணக்குதான். திடீர் சாவுகள் நாளொன்றுக்கு 2.7 ஆகக் குறைந்தன. அதாவது வழக்கமான அளவுக்கும் கீழே. சில நாள்கள் கழித்து நேர்ந்திருக்கக்கூடிய சாவுகளை நிலநடுக்கம் முன்கூட்டியே இழுத்துவந்துவிட்டது என்றே இதற்குப் பொருள் கொள்ள முடிகிறது. காய்ந்துகிடந்த கூரையில் விழுந்த பொறி அது. அப்படியானால் கூரையைக் காயவைத்தது எது? அதிலும் இந்த ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டா?

மனிதர்களை வைத்து இதைச் சோதிக்க முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜே கப்லானும் அவருடைய சகாக்களும் மக்காக் குரங்குகளை வைத்துச் சோதித்தார்கள். எல்லாக் குரங்குகளுக்கும் ஒரே உணவு. சில கூட்டங்களை அப்படியே விட்டார்கள். மற்றவற்றை அவ்வப்போது கலைத்து, புதிதாகச் சேர்த்தார்கள். கலைக்கப்பட்ட கூட்டங்களில் தலைமை ஆண்கள் ஒவ்வொரு முறையும் சண்டையிட்டுத் தங்கள் இடத்தை மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. அவற்றின் இதயத் தமனிகளில்தான் படிவு மிக அதிகம். ரத்தக் கொழுப்பின் அளவை வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. அதே தலைமைப் பதவி, கலையாத கூட்டத்தில் இருந்த ஆண்களை இப்படிப் பாதிக்கவில்லை. பிறகு அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கலைக்கப்பட்ட கூட்டத்துத் தலைவர்களின் தமனிகளை அந்த மருந்து காத்தது. ஹார்மோனின் கையைக் கட்டினால் தமனி பிழைக்கிறது என்றால், குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மனிதர்களிடம் வருவோம். லண்டன் வைட்ஹாலில் வேலை பார்த்த பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு இத்துறையில் பெயர்பெற்றது. பெரிய பதவி என்றால் பெரிய டென்ஷன், ஆகவே மாரடைப்பு அதிகாரிகளின் நோய் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். மைக்கேல் மார்மட் குழுவினர் கண்டது நேர்மாறு. உச்சியில் இருந்தவர்களைவிடக் கடைநிலை ஊழியர்கள் மூன்று மடங்குக்கும் மேலாக இதயத் தமனி நோயால் இறந்தார்கள். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் சேர்த்தாலும் அந்த வேறுபாட்டில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. 1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு முக்கியத் துப்பைக் கொடுத்தது. தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று முடிவுசெய்யும் உரிமை யாருக்குக் குறைவோ, அவருக்கு இதய நோய் அதிகம்.

கார்ட்டிசாலின் பங்கையும் அதே ஊழியர்களிடம் அளந்தார்கள். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், இரவில் அடங்கிவிடும். அப்படிச் சரியாக அடங்காதவர்களிடம் இதய நோய்ச் சாவு கூடுதலாக இருந்தது. கார்ட்டிசால் ரத்தச் சர்க்கரையை ஏற்றும், வயிற்றுக் கொழுப்பை வளர்க்கும், அட்ரினலினுக்குத் தமனிகளை இன்னும் கூர்மையாக எதிர்வினையாற்றச் செய்யும்.

குரங்கிலும் குமாஸ்தாவிலும் பொதுவாக இருப்பது வேலையின் பாரமல்ல, பிடி நழுவும் நிலை. அதனால்தான், 'டென்ஷன் ஆகாதீங்க' என்று நோயாளியிடம் மட்டும் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளை எந்த ஷிஃப்ட் என்றே தெரியாத ஒருவர் எந்த டென்ஷனை விடுவார்? ஷிஃப்ட் போடுகிறவரிடம் அதே அறிவுரையை யாராவது சொல்கிறார்களா?

இதைப் படித்துவிட்டு யாரும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். புகையும் சர்க்கரையும் உயர் ரத்த அழுத்தமும் இதயத்துக்குச் செய்யும் கேட்டில் இதனால் எதுவும் குறைந்துவிடாது. இன்னொன்று: கோபத்திலோ துக்கத்திலோ நெஞ்சு வலித்தால், 'டென்ஷன்தான், சரியாகிவிடும்' என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். தமனி அடைப்பு இல்லாமலேயே, ஹார்மோன் வெள்ளத்தால் இதயத் தசை தளர்ந்துபோகும் 'டகோட்சுபோ' என்றொரு நிலை உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் பெயரிட்டது, மாதவிடாய் நின்ற பெண்களிடமே அதிகம் காணப்படுவது. அதுவா, மாரடைப்பா என்பதை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் ஆஞ்சியோகிராமும்தான் பிரித்துக் காட்டும். துக்க வீட்டில் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், முதல் வேலை 108-ஐ அழைப்பது.