செம்மணலும் காமிராவும்

பாலைவனம் என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை ஒட்டகமும் பேரீச்ச மரமுமே. இராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்திற்குச் சென்றாலன்றி அத்தகைய காட்சியைக் காண இயலாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆண்டு மழை 250 மி.மீ.க்கும் குறைவாகப் பெய்யும் நிலமே பாலைவனம் என்று பூகோளப் புத்தகம் கூறுகிறது. அந்தக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பாலைவனமே கிடையாது. ஆனால் நம் பண்டைத் தமிழர் பாலை என்பதைத் தனி நிலமாகக் கருதவில்லை. காடும் மலையும் கோடையில் வாடித் தம் இயல்பை இழந்தால் அதுவே பாலை என்றனர். அவ்வகையில் பார்த்தால் நமக்கும் பாலைகள் உண்டு. அவற்றுள் இரண்டைச் சென்ற கோடை விடுமுறையில் நான் கண்டேன். ஒன்று தனுஷ்கோடியின் வெண்மணல். மற்றொன்று திருச்செந்தூருக்கு அருகேயுள்ள குதிரைமொழித் தேரியின் செம்மணல்.

வெறும் சுற்றுலாவாக மட்டும் நாங்கள் செல்லவில்லை. எங்களுடன் நங்கநல்லூரில் வசிக்கும் என் ஆச்சி, தேரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தவர். திருமணமாகிச் சென்னை வந்த பிறகு அவர் தேரிக்குள் நடந்ததே இல்லை. இப்போது முழங்கால் வலி. மணலில் பத்தடி நடப்பதும் முடியாது. "உள்ள போயி நல்லா ஒரு படம் எடுத்துட்டு வாட்டீ. சாவுறதுக்கு முந்தி ஒருதரம் பாத்துக்கிடுதேன்" என்றார். மாமா தம் டிஜிட்டல் காமிராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். மணலைப் படம் பிடிப்பதில் என்ன கடினம் இருக்கப்போகிறது, அதுதான் ஓடாது, ஆடாது, கண் சிமிட்டாதே என்று நினைத்தேன். எத்துணை பெரிய தவறு!

முதலில் தனுஷ்கோடி. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய புயலில் அந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பாசஞ்சர் ரயிலை, அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடல் கொண்டது. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் இடிபாடுகளும் மட்டும் இன்றும் மணலில் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதால் இப்போது எளிதாகச் சென்று வரலாம். நாங்கள் சென்றபோது நண்பகல். கண் கூசும் வெண்மணல், இரு புறமும் கடல். நான் எடுத்த படங்களிலோ மணல் சாம்பல் நிறமாக, மழைக்காலத்து மாலை போல இருந்தது.

காரணத்தை மாமா விளக்கினார். காமிராவுக்கு நம்மைப் போல் மூளை கிடையாது. தன் முன்னே வரும் ஒளியை அளந்து, எல்லாக் காட்சியும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று அது கருதிக்கொள்கிறது. தன்மேல் படும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் அது. தெரு, வீடு, மரம், மனிதர் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்குப் பெரும்பாலும் பொருந்தும். வெண்மணலோ அதைவிடப் பன்மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. "அடேயப்பா, வெளிச்சம் அதிகமாகிவிட்டதே!" என்று காமிரா தானாகவே ஒளியைக் குறைத்துவிடும். ஆகவே மணல் அழுக்காகிறது. பனிமலையைப் படம் எடுப்போருக்கும் இதே தொல்லைதான். இதற்கு மருந்து, எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டுவது. காமிராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு பொத்தான் இருக்கும். கைபேசி வைத்திருக்கும் தோழியர் திரையில் மணலைத் தொட்டால் சூரியன் போன்ற ஒரு சின்னம் தோன்றும். அதைச் சற்றே மேலே தள்ளினால் போதும்.

அந்த ஆலயத்தின் உள்ளே நின்று பலர் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தனர். நானும் எடுக்கப் போனேன். அம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமாக நின்று ஜெபித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, காமிராவைக் கீழே இறக்கிவிட்டேன். சற்று நேரம் கழித்து வெளியிலிருந்து ஒரு படம் எடுத்தேன். சரி, மணலுக்கு வருவோம்.

மறுநாள் காரில் உடன்குடி சென்று உறவினர் வீட்டில் தங்கினோம். கருப்பட்டிக்குப் பெயர் பெற்ற ஊர். தேரி அங்கிருந்து தொலைவில் இல்லை. அதன் பெரும்பகுதி காப்புக் காடு. ஆகையால் வனத்துறையினரிடம் கேட்டுக்கொண்டே உள்ளே செல்லவேண்டும். சிறிது தூரம் வரை உடைமரமும் முந்திரியும் பனையும். பிறகு திடீரென்று, குங்குமத்தைக் கொட்டி வைத்தாற்போல் மேடு மேடாகச் செம்மணல். இந்த மணல் கடற்கரை மணலைப் போன்றதே. ஆனால் ஒவ்வொரு மணியின்மேலும் இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாகப் படிந்திருக்கிறது. இரும்புத் துரு சிவப்பாக இருப்பது போலத்தான் இதுவும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இந்த மேடுகளை அமைத்ததில் பெரும் பங்கு உண்டு. மழை நீர் மணலில் விரைந்து இறங்கிவிடுவதால் மேலே வறட்சி. அடியிலோ நீர் தங்கும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலருகே செம்மணலின் நடுவில் சுனை ஒன்று இருப்பதைக் கண்டு வியந்தேன்.

அன்று மாலை, தனுஷ்கோடியில் கற்ற பாடத்தை நினைவில் வைத்து, எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி நாற்பது படங்கள் எடுத்துத் தள்ளினேன். இரவு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "ஏட்டி, இது நம்ம தேரி இல்ல. மெரினா மண்ணுல்லா இது!" என்றார். உண்மைதான். சிவப்பு வெளிறி, பால் அதிகமான தேநீரின் நிறத்தில் இருந்தது மணல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி.

மாமா படுக்கப் போகாமல் என்னுடன் உட்கார்ந்து தவறுகளைத் தேடினார். தவறுகள் இரண்டு. செம்மணல் வெண்மணலைப் போல் ஒளியை வாரி இறைப்பதில்லை; அதற்கு ஒரு படி கூட்டியது என் அறியாமை. காமிரா சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைத் தனித்தனியே அளக்கிறது. காட்சி முழுவதும் சிவப்பாக இருந்தால் சிவப்புக் கிண்ணம் மட்டும் முதலில் நிரம்பி வழிந்துவிடும். வழிந்த பின் நிறம் வெளிறும். எனவே செம்மணலுக்குக் கூட்டக்கூடாது; சிறிதளவு குறைக்கவே வேண்டும்.

இரண்டாவது தவறு இன்னும் வேடிக்கையானது. வீட்டு மின்விளக்கின் மஞ்சள் ஒளியிலும் வெள்ளைக் காகிதம் நமக்கு வெள்ளையாகவே தெரிகிறதல்லவா? நம் மூளை திருத்திக்கொள்கிறது. காமிராவிலும் அவ்வாறு திருத்தும் ஏற்பாடு உண்டு. அதற்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். அது தானியங்கியாக இருந்தால், காட்சியின் எல்லா நிறங்களையும் கலந்தால் நிறமற்ற சாம்பலே வரவேண்டும் என்று காமிரா நம்புகிறது. தேரியில் எங்கு நோக்கினும் சிவப்பு. "விளக்குதான் சிவப்பாக இருக்கிறது போலும்" என்று தப்பாக எண்ணிக்கொண்டு, அது நீலத்தைக் கலந்து சிவப்பை அடித்துவிட்டது. ஆச்சியின் தேரியை மெரினாவாக்கியது இந்த அதிகப்பிரசங்கித்தனமே! தானியங்கியை நிறுத்திவிட்டுச் சூரியன் படம் போட்ட பகலொளி நிலையில் வைத்துவிட்டால் காமிரா குறுக்கே பேசாது.

நேரத்தையும் தேர்ந்தெடுக்கவேண்டும். உச்சி வெயிலில் மணலில் நிழல் விழாது. நிழல் இல்லையேல் மேடு பள்ளம் தெரியாது. படம் தட்டையாகிவிடும். சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது மணலின் சிற்றலைகள் ஒவ்வொன்றும் தன் பக்கத்தில் ஒரு கோடு நிழலை வரைந்துகொள்கிறது. காற்று வரும் பக்கம் மணல்மேடு மெல்லச் சரிந்திருக்கும். மறுபக்கம் செங்குத்தாக, ஏறக்குறைய 30 முதல் 34 டிகிரிச் சரிவில் நிற்கும். அதற்கு மேல் மணல் நில்லாமல் சரிந்துவிடும். பக்கவாட்டில் ஒளி விழும்போதுதான் இந்த இரு பக்கங்களும் வேறு வேறாகத் தெரியும். மேலும் நண்பகலில் தொலைவிலுள்ள பொருளை ஜூம் செய்து எடுத்தால் கானல் எழும்பி எல்லாம் நெளியும். அது காமிராவின் கோளாறன்று. சூடேறிய காற்றின் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மணலின் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. லென்ஸில் மணல் ஒட்டினால் துப்பட்டாவாலோ முந்தானையாலோ துடைக்கவே கூடாது. நிரந்தரமாகக் கீறல் விழும். ரப்பர்க் குமிழால் ஊதித்தான் நீக்கவேண்டும். காற்றடிக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றுவது பெரும் பாவம். நான் கழற்றவில்லை. ஆயினும் ஜூம் வளையத்தைத் திருப்பினால் இன்றும் நறநறவென்கிறது. மாமா ஒவ்வொரு முறையும் என்னைப் பார்க்கிறார்.

மறுநாள் விடியுமுன்னே தேரியில் நின்றோம். பகலொளி நிலை, எக்ஸ்போஷர் மூன்றில் இரண்டு படி குறைவு. சூரியன் எழுந்தபோது மணல் தீப்பிடித்தாற்போல் இருந்தது. திரையிலும் அப்படியே வந்தது! ஒரு தடமும் படாத மேட்டைத் தேடித் தேடி எடுத்தேன். நம் காலடி பட்ட இடத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் முதலில் படம், பிறகே நடை என்பது அங்கே சட்டம். ஒரு மேட்டை நெடுநேரம் காத்திருந்து எடுக்கப் போகையில், தலையில் பனையோலைக் கட்டுடன் ஒரு பெண்மணி குறுக்கே நடந்து வந்தார். அவர் கடந்து செல்லட்டும் என்று பொறுமையின்றிக் காத்திருந்தேன். விரல் முந்திக்கொண்டது. படத்தின் ஓரத்தில் அவரும், அவர் பின்னால் நீண்ட காலடித் தடமும் விழுந்துவிட்டன. உடனே மற்றொரு மேட்டுக்கு ஓடினேன்.

ஊர் திரும்பிய பின் மாமா தம்மிடமிருந்த ஒரு புத்தகத்தில் பழைய படம் ஒன்றைக் காட்டினார். 1867-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து மணல்வெளியில் திமத்தி ஓ சல்லிவன் என்பவர் எடுத்தது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவிவிடவேண்டும். ஆகவே இருட்டறையையே ஒரு வண்டியில் வைத்து, கோவேறு கழுதைகளைப் பூட்டி மணலுக்குள் இழுத்துச் சென்றிருக்கிறார். படத்தில் அந்த வண்டி நிற்கிறது. அதிலிருந்து காமிரா இருக்கும் இடம் வரை அவர் நடந்த தடமும் தெரிகிறது. தடத்தை அவர் மறைக்கவில்லை. அந்த மனிதத் தடம் இருப்பதால்தான் மணல்மேடு எவ்வளவு பெரிது என்பதே நமக்குப் புரிகிறது. அதே காலத்தில், 1858-இல், நம் மதுரையையும் தஞ்சையையும் லின்னேயஸ் டிரைப் என்பவர் காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அதற்கு நீண்ட நேரம் ஒளி பட வேண்டியிருந்ததால், நடமாடியவர்கள் அந்த வகைப் படத்தில் பதியவே மாட்டார்கள். ஆள் நிறைந்த தெருவும் வெறிச்சோடிக் கிடப்பது போல் தோன்றும். காமிரா இப்படியும் பொய் சொல்லும்.

தேரியும் வெறும் இடமன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள் விட்டுச் சென்ற சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் 1956-இல் எழுதியிருக்கிறார்கள். இவையெல்லாம் தெரிந்த பிறகுதான் அந்தக் காலை நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைத்தது. ஆளில்லாத இடத்தைத் தேடி, ஆளைத் தவிர்க்கவே பாடுபட்டிருக்கிறேன்.

ஆனால் ஆச்சிக்கு இதையெல்லாம் யாரும் விளக்கவில்லை. அன்று காலை பத்து மணிக்கு உடன்குடி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படங்களைப் பார்த்தார். "ஆமாட்டீ, இதுதான்" என்று முதல் படத்திலேயே சொல்லிவிட்டார். எனக்கு உயிர் வந்தது. நான் பெருமையாக நினைத்திருந்த தடமில்லாத மேடுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், அந்தத் தவறிய படத்தில் நின்றுவிட்டார். பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இது ஆரு? நம்ம ஊருப் பக்கமால்லா நடக்கா. ஆரு மகன்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. அந்தப் படத்தைத்தான் பிரதி எடுத்துத் தம் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.