பதினாறு ரூபாய்க் கணக்கு

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாற்றுத்திறன் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை செலவிடலாம். 2018-இல் திட்டம் தொடங்கியபோது வைத்த வரம்பு இது. 2021-இல் திட்டத்தை 2026 மார்ச் வரை நீட்டித்தபோதும் அது ஏறவில்லை. மதிப்பீட்டு முகாம், உதவி உபகரணம், போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி எல்லாம் இதற்குள்தான். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் தனியாக உண்டு.

அந்த 3,500 ரூபாயை 220 பள்ளி நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்குப் பதினாறு ரூபாய். சென்னையில் 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ குறைந்தபட்சக் கட்டணமே 25 ரூபாய். (அந்தக் கட்டணத்துக்கு ஆட்டோ வந்தால்தானே!) மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் சாதாரணப் பேருந்தில் டிக்கெட் இல்லை, சரி. ஆனால் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓரத்தை அடைத்து நிற்கும்போது பேருந்து நடுரோட்டில்தான் நிற்கும். காலில் காலிப்பர் மாட்டிய எட்டு வயதுப் பிள்ளையை ஒரு கையில் தூக்கி, மறு கையில் கம்பியைப் பிடித்து ஏற வேண்டும். மெட்ரோ விம்கோ நகரோடு முடிந்துவிடுகிறது. எண்ணூர் அதற்கும் வடக்கே.

இந்தச் சிறு தொகையும் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதுதான் ஆபத்து. இந்தத் திட்டத்தில் 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு ஒப்புக்கொண்ட ஒன்றியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்று அது நிறுத்திவைக்கப்பட்டது. சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர் ஊதியமும் அதே திட்டத்தில்தான். 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. அந்தக் கொள்கை மீதான சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். மாற்றுத்திறன் பிள்ளைகளின் பங்கில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை. ஆனாலும் அதுவும் சேர்ந்தே நின்றது.

அடுத்த ஆண்டு பணம் வந்தால் கட்டடம் கட்டிவிடலாம். வளரும் காலுக்கு ஓராண்டு கழித்து வரும் காலிப்பர் அப்படியல்ல. பழையதை இறுக்கி மாட்டிய மாதங்களில் தசை சுருங்கியிருக்கும். பேச்சுப் பயிற்சியிலும் ஐந்து வயதில் விட்டதை ஏழில் பிடிப்பது கடினம். தொடக்கப் பள்ளியில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பு ஆசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2021 அக்டோபரில். ஊதியம் வருமா வராதா என்றிருக்கும் வேலையில் யார் தங்குவார்கள்?

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்கிறது. ஒப்பந்தம், கையெழுத்து என எந்த நிபந்தனையும் அதில் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்துக்கான நிதியைப் தேசியக் கல்விக் கொள்கையோடு முடிச்சுப் போடத் தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே வாதம் இந்தப் பிள்ளைகளின் பங்குக்கு இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். 2026 மார்ச்சுக்குப் பிறகான திட்டத்தில் அந்தப் பங்கைத் தனிக் கணக்காக எழுதி வாங்காவிட்டால், தில்லிக்கும் கோட்டைக்கும் அடுத்த தகராறு வரும்போதும் இதே பணம் நிற்கும்.