பட்டியலில் வராத வீடு: ஊர்மட்ட ஸகாத் பணி பற்றி

றமழானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் எங்கள் ஊரின் பிரதான வீதியில் வரிசை நிற்கும். கடை முதலாளிமார் வாசலில் மேசை போட்டு, மாற்றிவைத்த புதுநோட்டுக் கட்டைப் பிரித்து ஆளுக்கு நூறு, இருநூறு என்று கொடுப்பார்கள். கைக்குழந்தையோடு வெயிலில் நிற்கும் பெண்களில் பாதிப்பேர் வெளியூர். எட்டுக் கடை ஏறி இறங்கினால் பஸ் காசு போக இரண்டு நாள் கறிக்குத் தேறும். சின்ன வயதில் அந்த வரிசையைக் கண்டால்தான் எனக்குப் பெருநாள் வருகிறது என்ற சந்தோசம் வரும். பள்ளிவாயலில் கூட்டு ஸகாத் தொடங்கி, கணக்குப் புத்தகம் என் கையில் வந்த பிறகுதான் அந்த வரிசையைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கொடுத்தவருடைய கடமை ஒருவேளை தீர்ந்திருக்கலாம். வாங்கியவருடைய வறுமை ஒரு அங்குலமாவது நகர்ந்ததா? அடுத்த வருடமும் அதே முகங்கள்தானே வந்தன!

முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அவ்வூர்ச் செல்வந்தரிடம் எடுத்து அவ்வூர் ஏழைகளுக்கே திருப்பிக் கொடுக்கும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபும், உரியவர்கள் உள்ளூரில் இருக்கும்போது ஸகாத்தை வேறு ஊருக்குக் கொண்டுபோவதை ஏற்பதில்லை. இதை ஊர்ப்பற்று என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா இல்லையா என்பது பக்கத்து வீட்டுக்குத்தான் தெரியும். ஸகாத்துக்குப் பணத்தைவிட அந்த அறிவுதான் அதிகம் தேவைப்படுகிறது.

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் நம் பழைய அறிஞர்கள் கஞ்சத்தனம் காட்டவில்லை. இமாம் நவவி தமது 'அல்மஜ்மூஃ'வில், தொழில் தெரிந்தவருக்கு அந்தத் தொழிலுக்கான கருவியை வாங்குமளவு கொடுக்கவேண்டும், அதன் பெறுமதி கூடினாலும் குறைந்தாலும் சரி என்ற கருத்தை விரிவாக எழுதுகிறார். தையல் தெரிந்தவளுக்கு மெசின், மீன் பிடிப்பவனுக்குத் தோணி, வலை. நூறு ரூபா வரிசைக்கு எதிரான நம் மத்ஹபின் சாட்சி அது.

நிதியத்துக்கு ஆள் சேர்க்கப் போனபோது முதலில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது, மூன்று பணமும் ஒன்றல்ல என்பதைத்தான். ஸகாத் என்பது உரிமை. அதைப் பெறும் எட்டுக் கூட்டத்தாரையும் சூறா தவ்பாவின் 60ஆவது வசனமே வரையறுத்துவிட்டது. பள்ளிவாயலுக்கு மாபிள் பதிப்பதோ, மதில் கட்டுவதோ பெரும்பான்மை அறிஞர்களின் கருத்துப்படி அதில் அடங்காது. ஸதகா விரிந்தது, யாருக்கும், எப்போதும், எவ்வளவும் கொடுக்கலாம். வக்பு என்பது முதலை நிறுத்திப் பயனை ஓடவிடுவது. 1892இல் மருதானையில் சித்திலெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார் போன்றவர்கள் சேர்ந்து தொடங்கிய மத்ரஸாதான் இன்றைய ஸாஹிறாக் கல்லூரி. அந்த மாதிரிக் காரியத்துக்கு வக்பும் ஸதகாவும் வேண்டும். ஸகாத்தை அதற்குள் கரைத்தால் விதவையின் பங்கு சுவராகிவிடும். இதைச் சொன்னதற்காக எங்களோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

எங்கள் பக்கம் வயல் ஊர். ஆகவே பணக் கணக்கைவிட நெல் கணக்கில்தான் மல்லுக்கட்டு. பணத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் வழி தெளிவு: 85 கிராம் தங்கம், அதாவது பத்தரைப் பவுனுக்குச் சற்று மேல், அல்லது 595 கிராம் வெள்ளியின் பெறுமதி ஒரு வருடம் கையில் நின்றால் இரண்டரை வீதம். இன்றைய விலையில் இரண்டுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வெள்ளியை எடுத்தால் கொடுப்பவர் தொகை கூடும் என்பதால் நாங்கள் வெள்ளியையே எடுத்தோம். நெல்லுக்கு வருடம் பார்ப்பதில்லை. வெட்டிய அன்றே கடமை. மழையிலும் தானாக ஓடிவரும் நீரிலும் விளைந்தால் பத்தில் ஒன்று. பம்பு வைத்து இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று. அளவு ஐந்து வஸக், சுமார் 653 கிலோ என்று கணிப்பவர்கள் உண்டு. உமியோடு நெல்லாக அளந்தால் அதன் இருமடங்கு என்பது ஷாபிஈ நூல்களின் கணக்கு. உழவுக்கூலி, உரம், எண்ணெய்ச் செலவைக் கழிக்கலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. போடிமாருக்கு அந்தக் கருத்து வேறுபாடு நல்லாவே தெரியும்! "மௌலவி, கழிக்கலாமெண்டு சொல்றவரு ஆரு?" என்று அவரைத் தேடியே கேட்பார்கள். நாங்கள் வாதாடப் போகவில்லை. களத்துக்கே இளைஞர்களை லொறியோடு அனுப்பினோம். மூடையை வீட்டுக்கு ஏற்றியபின் பிரித்துக் கேட்பது வேறு, களத்தில் குவியல் கிடக்கும்போது கேட்பது வேறு. மனம் இளகி இருக்கும் நேரம் அது.

இனி என் பிழையைச் சொல்லவேண்டும்.

முதல் வருடம் படிவம் அச்சடித்தோம். ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தோம்: தேவையுள்ளவர்கள் பள்ளிவாயல் காரியாலயத்தில் விண்ணப்பிக்கலாம். படிவம் குவிந்தது. கிராம சேவகரின் கடிதம், மரைக்காரின் கையொப்பம் என்று எல்லாம் ஒழுங்கு. ஓய்வுபெற்ற ஆசிரியன் அல்லவா, புள்ளி போட்டுத் தரப்படுத்தினேன். நேர்த்தியான வேலை என்று எனக்கே பெருமை. கேட்கத் தெரிந்தவர்கள்தான் வந்திருக்கிறார்கள் என்பது அந்த நேரம் என் மூளைக்கு எட்டவில்லை. கேட்காமல் ஒதுங்கி இருப்பதால் அறியாதவன் வசதியானவர் என்று எண்ணிவிடும் மனிதர்களைப் பற்றி சூறா பகறாவின் 273ஆவது வசனம் சொல்கிறது. அதைப் பல தடவை வகுப்பில் படிப்பித்தவன் நான். அந்த அறியாதவன் நானாக இருப்பேன் என்று நினைத்ததில்லை.

என் வீட்டிலிருந்து மூன்றாவது வளவு. ஊரில் அதைக் 'கட்டார் வீடு' என்பார்கள். ஓடு பதித்த விறாந்தை, இரும்புக் கேற். கணவர் கட்டாரிலிருந்து சிறுநீரக வருத்தத்தோடு திரும்பி இரண்டு வருடம். வெள்ளிக்கிழமைகளில் பிடியரிசி சேர்க்கும் பையன்களுக்கு அந்த வீட்டு ராத்தா ஒரு கிழமை தவறாமல் அரிசி போடுவார். என் புத்தகத்தில் அவருடைய பெயர் இருந்தது, கொடுப்போர் பட்டியலில்.

இரண்டாம் வருடம் வீடுவீடாகக் கணக்கெடுக்க ஊரின் பெண்பிள்ளைகள் சிலர் முன்வந்தார்கள். ஆண்கள் விறாந்தையோடு திரும்பிவிடுவோம். அவர்கள் குசினி வரை போனார்கள். ஒருத்தி மஃரிபுக்குப் பிறகு என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "சேர், அங்க நகையெல்லாம் ஈட்டில. டயலிசிஸுக்குக் கிழமைக்கு ரெண்டு தரம் ஓட்டோ புடிச்சிப் போறாங்க. மகள் ஏ.எல். படிக்கிறத விட்டுட்டு வீட்டோட இரிக்கி. பகலைக்கு ஒண்டும் ஆக்கல்ல." நான் மறுநாள் மனைவியோடு போனேன். தேத்தண்ணி தந்தார்கள். நான் பேச்சைத் தொடங்க முதலே அந்த ராத்தா கேட்டது ஒன்றுதான்: "எங்கட பேர ஸ்பீக்கர்ல சொல்ல மாட்டீங்கதானே?"

முந்திய வருடம் நாங்கள் சொல்லியிருந்தோம். பயன்பெற்றோர் பெயர்களை வெளிப்படைத்தன்மை என்ற பெயரில் நிருவாகசபையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியும் இருந்தோம். தையல் மெசின் வாங்கிய ஒரு பெண்ணின் மகனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'ஸகாத் மெசின்' என்று கூப்பிட்டது எங்களுக்குப் பிந்தித்தான் தெரியவந்தது.

அதற்குப் பிறகு படிவம் இல்லை, பலகை இல்லை, போட்டோ இல்லை. புத்தகத்தில் பெயருக்குப் பதில் இலக்கம். எந்த இலக்கம் எந்த வீடு என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். கொடுத்தவர்களுக்குச் சொல்லவேண்டியது தொகையும் வகையும்: கடன் தீர்க்க இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு என்று. வெளிப்படைத்தன்மைக்கு அது போதும். போட்டோ இல்லாவிட்டால் வெளிநாட்டுப் பணம் வராது என்று ஒரு சகோதரர் கோபித்தார். வராமல்தான் போனது, கொஞ்சம். கட்டார் வீட்டுக்கு முதலில் ஈட்டை மீட்டோம். வட்டி ஏறிக்கொண்டே இருந்ததால் அது முதல் வேலை. கடனாளி என்ற வகைக்குள் அது சரியாகப் பொருந்தியது. மகளின் ரியூஷன் காசும் மாதாமாதம் போனது.

வேலை செய்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எட்டுக் கூட்டத்தில் ஸகாத் சேகரிப்பவர்களும் உண்டு. ஆகவே கூலி எடுப்பதில் தவறில்லை. எங்கள் ஆட்கள் எடுக்கவில்லை. ஆனால் மோட்டார்சைக்கிள் எண்ணெய்க்காசை அவர்கள் தலையில் கட்டுவதை நான் தடுத்தேன். இலவசமாகச் செய்கிறவனைச் சொந்தச் செலவிலும் செய்யவைத்தால் இரண்டாம் வருடம் அவன் வரமாட்டான். இபாதத் என்று சொல்லி அவனை வெட்கப்படுத்துவது நியாயமில்லை.

எங்கள் எல்லையோரம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. வெள்ளம் வந்தால் இரு பக்கமும் ஒரே தண்ணீர்தான். அங்கே ஸதகா நிதியிலிருந்து கொடுக்கிறோம், அதே கணக்கெடுப்பு முறையில். சுனாமிக்குப் பிறகு கல்முனைக் கரையோரமாக லொறி லொறியாக வந்து வீதியில் கொட்டிய பழைய உடுப்புகள் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள். யாருக்கு என்ன தேவை என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

கட்டார் வீட்டு ராத்தா பட்டியலில் சேர்ந்த பிறகு, பிடியரிசி சேர்க்கும் பையனிடம் அந்த வீட்டுக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாங்குகிறவரிடம் போய்க் கேட்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: "எங்கட வீட்ட மட்டும் ஏன் விட்டுட்டுப் போறீங்க எண்டு உம்மா கேக்கச் சொன்னாங்க."

அடுத்த கிழமையிலிருந்து பையன் அங்கேயும் போகிறான்.