கடித்தது தெரியாது, கசிவது நிற்காது

ஐப்பசி மழையில் சங்கரன்கோவில் வட்டாரக் குளங்கள் பெருகிவிட்டால் எருமைக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே தண்ணீர்தான். கோடை முழுக்கச் சேற்றுக்குள் புதைந்து கிடந்த அட்டையும் அப்போதுதான் வெளியே வரும். தண்ணீர் அசைந்தால் போதும், அசைவு வந்த பக்கமாக நெளிந்து வந்துவிடும்.

உடம்பின் இரு முனையிலும் அதற்கு உறிஞ்சி உண்டு. வாய்க்குள் மூன்று தாடைகள். கடிவாயை உற்றுப் பார்த்தால் மூன்று கீறல்கள் ஒரு புள்ளியில் கூடுவது தெரியும். ஆனால் கடித்தபோது பெரும்பாலும் தெரியாது. ஒரு அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லிலிட்டர்தான். வம்பு அது விழுந்த பிறகு. எச்சிலில் உள்ள ஹிருடின் என்னும் புரதம் இரத்தத்தை உறையவிடாது, மணிக்கணக்கில் கசியும். பத்துக் கிலோ குழந்தைக்கு உடம்பில் மொத்தமே ஏறக்குறைய 800 மில்லிலிட்டர் இரத்தம்.

காலில் ஒட்டினால் கண்ணில் பட்டுவிடும். மூக்கில் ஏறினால்? வாரக்கணக்கில் தங்கும். ஒரே நாசியில் விட்டுவிட்டு இரத்தம் வரும். வீட்டில் ‘சூடு, சில்லுமூக்கு உடைந்திருக்கிறது’ என்று மோரைக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை தண்ணீருக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனால் சில நேரம் அட்டை நாசியிலிருந்து தலையை நீட்டும்.

குளத்தில் இறங்கிய சிறுமிகளின் பிறப்புறுப்புக்குள் அட்டை புகுந்து இரத்தம் போன நிகழ்வுகள் இந்திய, வங்கதேச மருத்துவர்களின் குறிப்புகளில் உண்டு. வீடு பதறிப்போகும். வயதுக்கு வந்துவிட்டாளோ, யாரும் ஏதும் செய்துவிட்டார்களோ என்று. அந்த இரண்டாவது பயத்தையும் மருத்துவர் தள்ளிவிடக் கூடாது. அதோடு, குளத்தில் குளித்தாளா என்ற கேள்வியும் வேண்டும். என்னைக் கேட்டால், மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் இரத்தத்தோடு வரும் எந்தப் பிள்ளையிடமும் முதலிலேயே கேட்க வேண்டியது அதுதான். அட்டைதான் என்று தெரிந்துவிட்டால், உப்புக் கரைசலால் கழுவியே பல நேரம் வெளியேற்றிவிடுவார்கள்.

தோலில் ஒட்டியதற்கு உப்பு, சுண்ணாம்பு, புகையிலைச் சாறு என்று ஊரில் ஆளுக்கொரு கைவைத்தியம். விழத்தான் செய்யும், ஆனால் விழுமுன் குடலில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடலாம். அந்தக் குடலில் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா குடியிருக்கிறது, புண் சீழ்பிடிக்க அது போதும். நகத்தை வாயுறிஞ்சியின் ஓரத்தில் செருகி மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்குக்குள்ளோ வேறு துவாரத்திலோ இருந்தால் வீட்டில் கைவைக்கவே கூடாது. இழுத்தால் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிடலாம். மருத்துவமனைக்குப் போகும்போது பிள்ளை எந்தக் குளத்தில், எத்தனை நாளைக்கு முன் குளித்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு போங்கள். பல நாள் கசிந்திருந்தால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள்.